ஆயிரத்தொரு அதிரசமும் ஏழாம் வாய்ப்பாடும்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒரே ஒரு உண்மையைச் சொல்லி என் அக்கா மகள் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன்.

போன தை மாதம், மலைமேல் இருக்கும் அக்கா வீட்டில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஒடுகத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து, கூடை கூடையாக அதிரசம் இறக்கினார்கள். சீர்ப் பலகாரத்தை மொட்டையாக நூறு, ஆயிரம் என்று வைக்க மாட்டார்கள். ஒன்று கூட்டித்தான் வைப்பார்கள். அந்த ஒன்று இருந்தால் பங்கு போட முடியாதாம், ஜோடியும் பிரியாதாம்.

"எண்ணிப் பாத்துக்குங்க, ஆயிரத்தொண்ணு. எந்தக் கொம்பனாலயும் பிரிக்க முடியாது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஆனாலும் ஓர் எண்ணைக் கண்டால் அது எதால் உடையும் என்று பார்க்காமல் இருக்க முடியாது. பஸ் நம்பரைக்கூட விடுவதில்லை. தவளை தன் வாயால் கெடும்.

"ஏழுல போவுது சம்பந்தி. தலைக்கு நூத்தி நாப்பத்தி மூணு. பதினொண்ணுலயும் போவுது, பதிமூணுலயும் போவுது."

அந்தம்மா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாங்க இது, தட்டு மாத்துற நேரத்துல பிரியுதுன்றீங்க? வேற நாள் பாத்துக்கலாம்."

"உன் வாயில வசம்ப வெச்சித் தேய்க்க!" என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

பாதிச் சடையோடு கல்யாணப் பெண் வெளியே வந்தாள். இந்தப் பையன்தான் வேண்டும் என்று வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்தவள். "மாமா, உடைச்சது நீதான? நீயே ஒட்டு. எதாலயும் பிரியாத நம்பர் எது?"

"ஒண்ணு எடுத்தா ஆயிரம், சொல்லவே வேணாம். ரெண்டு எடுத்தா மூணுல போவும். மூணு எடுத்தா சரிபாதி. நாலு எடுத்தா தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தேழு. இரு, பாக்கணும்."

"ஒவ்வொரு நம்பரா வகுத்து முடிக்கறதுக்குள்ள பேரன் பொறந்துடுவான்" என்றார் சம்பந்தியம்மா.

"முப்பத்தொண்ணு வரைக்கும் போனாப் போதுங்க. முப்பத்திரண்ட முப்பத்திரண்டால பெருக்குனாலே ஆயிரத்தத் தாண்டிடும். பெரிய நம்பர் எதாலயாவது உடைஞ்சா, கூடவே சின்னது ஒண்ணும் கூட்டு சேந்திருக்கும். ஊர்ச் சண்ட மாதிரிதான்."

ஏழு, பதினொன்று, பதிமூன்று என்று ஏறினேன். ஒவ்வொன்றிலும் மிச்சம் விழுந்தது. அக்கா மகள் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொன்றில் ஐந்து மிச்சம் நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"எதுலயும் போவல!"

அவள் நாலு அதிரசம் எடுத்தாள். மாமியார் வாயில் ஒன்று, மாப்பிள்ளை கையில் ஒன்று, தனக்கு ஒன்று. நாலாவதை என் வாயில் முழுசாகத் திணித்தாள்.

"பாகு நல்லா வந்திருக்குதுல்ல?" என்றபடி மாமியார் தட்டை எடுத்தார். மாற்றிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளைக்கு ருசி பிடித்துவிட்டது போல. மெல்லக் கூடைப் பக்கம் கையை நீட்டினார். அக்கா மகளிடமிருந்து சுள்ளென்று ஓர் அடி விழுந்தது.

"வைங்க கீழ! இன்னொண்ணு எடுத்தீங்கன்னா சரிபாதியாப் பிரிஞ்சிடும்."