தேவாங்குக்குக் கட்டிய கயிறு

வல்லத்திராக்கோட்டையிலிருந்து சற்று உள்ளடங்கிய இடத்தில் என் கணவர் வீட்டாரின் குலதெய்வமான அய்யனாருக்கு ஒரு கோயில்காடு இருந்தது. சுற்றிலும் வரிசை பிசகாத தைலமரங்கள். நடுவில் மட்டும் வீரையும் காரையும் உசிலையும் கிளையோடு கிளை பின்னிய பழைய காடு. அங்கிருந்து ஒரு சுள்ளியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. திருமணமாகி வந்த நாள்முதல் அந்தக் கட்டுப்பாட்டை ஒருவர் மீறி நான் கண்டதில்லை.

அந்தக் காட்டில் தேவாங்குகள் இருந்தன. படையலுக்குப் போகும்போதெல்லாம், பொங்கல் பானை கொதிக்கும்வரை கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் சுருண்டு உறங்கும். பொழுது மங்கினால் மெல்லக் கிளம்பும். ஒரு கை அடுத்த கிளையைப் பற்றிய பிறகே மறு கையை விடும். தாவத் தெரியாத விலங்கு. கிளை கிளையைத் தொடுகிற இடத்தில்தான் அதற்கு வழி.

சென்ற ஆண்டு பங்காளிகள் கூடிக் கோயிலைப் புதுப்பிப்பதென்று முடிவு செய்தார்கள். சென்னையில் தொழில் செய்யும் என் கொழுந்தனார் முன்னின்றார்.

“மழை பெஞ்சா ஒதுங்க எடமில்ல, காரைத் திருப்ப வழியில்ல. சாமி இன்னும் பொதருக்குள்ளயே இருக்கணுமா?”

“மேற்கால உள்ள மரங்களையாவது விட்டுரலாமே தம்பி. தேவாங்கு இருக்குல்ல” என்றேன்.

“அண்ணி சாமி கும்பிட வாராங்களா, தேவாங்கு பாக்க வாராங்களான்னு எனக்கு ரொம்ப நாளாச் சந்தேகம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. “அது மொகத்துல முழிச்சாலே ஆகாது. அதுக்குப் போயி வக்காலத்து வாங்குறியே ஆத்தா!”

கடைசியில் அய்யனாரிடமே கேட்பது என்றானது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் மடித்துச் சாமியின் காலடியில் வைத்தார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை: சாமி சம்மதித்துவிட்டது. பூக் கேட்ட பிறகு மறுத்துப் பேசுவது எங்களில் வழக்கமில்லை.

பொக்லைன் வந்தது. காடு விழுந்தது. அன்றும் எவரும் ஒரு சுள்ளியை வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை; அத்தனை மரமும் அன்னதானத்துக்கு விறகாக அங்கேயே அடுக்கப்பட்டது. காரில் ஏறுமுன் கொழுந்தனார் தம் வேட்டியில் ஒட்டியிருந்த இலையைக்கூட எடுத்து அங்கேயே போட்டார். யாரைக் கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாமிக்குப் பின்னால் இருந்த பெரிய வீரைமரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். வயிற்றைக் குட்டி பற்றியிருக்க, ஒரு தேவாங்கு அதில் தங்கிப்போனது. சுற்றிலும் சிமெண்டுத் தரை. அதைத் தாண்டி ஓடைக்கரையில் சில புங்கமரங்கள் மிஞ்சியிருந்தன. அங்கே போய்ச் சேர அதற்கு ஒரு கிளைகூட இல்லை.

இலங்கையில் வேலை பார்க்கும் என் மகளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “இங்கயும் இதே கதைதாம்மா. காடு துண்டு துண்டாப் போச்சு” என்றவள், ஒரு படம் அனுப்பினாள். இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிய தடித்த கயிற்றில் ஒரு தேவாங்கு நடந்துகொண்டிருந்தது.

படத்தைக் கொழுந்தனாரிடம் காட்டினேன். “இம்புட்டுத்தானா? நாளைக்கே கட்டச் சொல்றேன் அண்ணி” என்றார். சொன்னபடி, வீரைமரத்திலிருந்து புங்கமரம்வரை கயிறு கட்டிக் கொடுத்தார். ஒரு மாலையில் தேவாங்கு அந்தக் கயிற்றில் கை வைத்துப் பார்த்ததை நான் கண்டேன். பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. குட்டியோடு கிளைக்குள் திரும்பிவிட்டது. பழகிவிடும் என்று நினைத்தேன்.

குடமுழுக்கன்று போனபோது கயிறு முழுவதும் சீரியல் விளக்குகள் சுற்றப்பட்டிருந்தன. நடுவில் ஒலிபெருக்கி தொங்கியது.

“பாத்தீங்களா அண்ணி, ஒங்க கயிறுதான் எல்லாத்துக்கும் தோதாப் போச்சு!” என்றார் கொழுந்தனார், உண்மையான மகிழ்ச்சியோடு.

“சாயங்காலத்துக்கு மேல விளக்கை அணைச்சு வைக்கலாமா தம்பி?”

“மண்டலாபிஷேகம் முடியிறவரைக்கும் எரியட்டும் அண்ணி. சாமி காரியம்.”

பூசாரி திருநீறு கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டேன். அண்ணாந்து பார்த்தபோது, வீரைமரத்தின் உள்கிளையில் இரண்டு பெரிய கண்கள் ஒருமுறை சிவப்பாகவும் ஒருமுறை பச்சையாகவும் மின்னிக்கொண்டிருந்தன.