ரோசம்மாளுக்குக் கொடுக்காத ஐஸ்

ரோசம்மாளின் வாய் வெந்துபோனதற்கு மருந்து மட்டுமே காரணமல்ல. நானும்தான் காரணம். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு புற்றுநோய் வார்டுக்கு நான் பொறுப்புச் செவிலி. பதினெட்டு ஆண்டு அனுபவம்... அதன்மீது எனக்கு எத்தனை கர்வம்!

என்னுடன் வேலை பார்த்த பாத்திமா, காயல்பட்டினத்துக்காரி, மதுரையில் ஒரு பயிற்சிக்குப் போய் ஓர் ஆய்வுக் கட்டுரையுடன் திரும்பினாள். குடல் புற்றுநோய்க்கு நாங்கள் போடும் ஊசிக்குச் சற்று முன்பிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால், வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகச் சேரும், புண் குறையும்.

"காய்ச்சி ஆறின தண்ணிய ஃப்ரீசர்ல வச்சாப் போதும் சிஸ்டர். நாளைக்கே ரோசம்மாக்காவுக்குக் குடுப்போமா?"

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நம்பினேன். ஆம்... நம்பினேன்! பிறகு அதை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன்.

"ஏளா, ஊசி போடுத நேரம் ஐஸக் குடுத்து சளி பிடிச்சா யாரு பதில் சொல்லுவா? எனக்குப் பாடம் எடுக்காத."

அந்தப் பயிற்சிக்கு என்னை அனுப்பாமல் அவளை அனுப்பியிருந்தார்கள். இவ்வளவு அற்பமான காரணமா? என்னையே துருவிப் பார்த்துவிட்டேன்... வேறொன்றும் அகப்படவில்லை.

மறுநாள் ரோசம்மாளுக்கு, ஐஸ் இல்லாமலே, அந்த ஊசியைப் போட்டோம். எட்டாம் நாள் அவள் கணவர் சில்வஸ்டர், விசைப்படகில் கடலுக்குப் போகிறவர், அவளைத் தாங்கிக்கொண்டு வந்தார். உதடு முதல் தொண்டைவரை புண். எச்சில்கூட விழுங்க முடியவில்லை.

"கஞ்சித் தண்ணி எறங்கல சிஸ்டர். இனிமே ஊசிக்கு வர மாட்டேங்கா."

பாத்திமா என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

புண் ஆறியது. ரோசம்மாள் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் கெஞ்சினேன்... ஏழு மாதம் கழித்து வந்தபோது நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது.

அந்த வாரமே நான் ஐஸ் கொடுக்கத் தொடங்கினேன். அந்த ஊசி போட்டுக்கொள்ளும் எல்லோருக்கும்! மருத்துவர் பாராட்டினார். பாத்திமா அதற்குள் சவூதிக்குப் போயிருந்தாள். அவள் பெயரை நான் சொல்லவில்லை.

ஒரு பிற்பகல், ரோசம்மாளின் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஐஸ் சுவைப்பதைச் சில்வஸ்டர் கண்டார். எதற்கென்று கேட்டார். சொன்னேன்.

"அன்னைக்கு இவளுக்கும் இதக் குடுத்திருக்கலாமே சிஸ்டர்?"

"அப்போ எங்களுக்கு இது தெரியாது அண்ணாச்சி."

எத்தனை சரளமாக வந்தது அந்தப் பொய்! அவர் தலையசைத்தார். கட்டிலில் ரோசம்மாள் விழித்துத்தான் கிடந்தாள்.

ஐஸ் கொடுத்திருந்தாலும் புண் வந்திருக்கலாம். நோய் பரவியுமிருக்கலாம். எனக்குத் தெரியாது... தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட நான் அவளுக்குத் தரவில்லையே!

இரண்டு மாதத்தில் அவள் இறந்தாள். கல்லறைத் தோட்டத்தில், சுற்றி நின்ற உறவினரிடம் சில்வஸ்டர் என்னைக் காட்டினார்.

"இவியதான் அவளக் கடைசிவரைக்கும் நல்லாப் பாத்தாவ."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நானும் கைகூப்பினேன்.

ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி முந்திரி மக்ரூன் கொண்டுவந்து தருகிறார். வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார். அதனால் வாங்கிக்கொள்கிறேன்.