வெற்றிடம் உடையுமா என்று கேட்க வெள்ளவத்தைக்குப் போனது

உலகம் அழியப்போகிறது என்று பேப்பர்கள் அலறிய 2008 செப்டெம்பரில்தான் இந்தப் பயணம். ஐரோப்பாவில் துகள்களை மோதவிடும் பெரிய இயந்திரத்தை இயக்கப்போகிறார்கள். வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைப் பற்றி இலவசமாகப் பேசுகிறார் என்றார்கள். கொட்டாஞ்சேனையில் பௌதிகம் படிப்பிக்கிற நான் போகாமல் இருப்பேனா? மன்னாரிலிருந்து வந்து என்னோடு நிற்கும் தம்பி ஜூட்டையும் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்பது கிலோமீற்றர் சொச்சம். பேரம் பேசி, ஓட்டோவுக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.

அந்த ஆசிரியரை எல்லோரும் 'சேர்' என்றார்கள். சேர் பலகையில் ஒரு மலையையும் இரண்டு பள்ளங்களையும் கீறினார். நம் பிரபஞ்சத்தின் வெற்றிடம் மேல் பள்ளத்தில் கிடக்கும் பந்தாக இருக்கலாம். குவாண்டம் விதிப்படி அது மலை ஏறாமலே ஆழமான பள்ளத்துக்குள் போய்விடலாம். அப்படி எங்காவது ஒரு குமிழி தோன்றினால் ஒளியின் வேகத்தில் விரியும். உள்ளே அணுக்கள்கூட மிஞ்சாது. இயந்திரத்தால் பயமில்லையாம். விண்வெளிக் கதிர்கள் அதைவிட மோசமாகக் காலங்காலமாக மோதுகின்றன, இன்னும் இருக்கிறோம்.

"அப்பிடி வந்தாலும் பயப்பிடாதேங்கோ. ஒளியை முந்தி ஒரு செய்தியும் வராது. தெரியிறதுக்கு முன்னமே எல்லாம் முடிஞ்சிடும்," என்றார்.

"அப்ப அது நல்லது சேர். எங்களுக்கெண்டா, பிள்ளையளைப் பிடிக்க வாற ஜீப் சத்தம் முதல்ல கேக்கும்," என்றார் முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர்.

திரும்பும்போது கொள்ளுப்பிட்டி செக்பொயின்டில் பொலிஸ்காரர்கள் மறித்தார்கள். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்கள் பொலிஸில் பதிந்து எடுக்கவேண்டிய துண்டைக் கேட்டார்கள். ஜூட்டின் துண்டை முதல் நாள்தான் லமினேட் பண்ணிக் கொடுத்திருந்தேன். எந்தக் கடதாசிக்கும் பிளாஸ்டிக் போடாவிட்டால் எங்கள் ஆட்களுக்கு நித்திரை வராது. பொலிஸ்காரர் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"மேக ஒரிஜினல்த?" இது அசல்தானா என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஒவ் மஹத்தயா," ஓம் ஐயா என்றேன். அசல் என்று நம்பாமல் தம்பியைக் காவலரணுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஓட்டோக்காரர் இஞ்சினை நிறுத்தினார். "பயவென்ன எப்பா, மிஸ்," என்றார். பயப்படாதே என்று இவரும் சொல்கிறார். அப்படிப் போய்த் திரும்பாத பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு பேர். தெரிந்த செபமெல்லாம் பாதியில் மறந்துபோனது.

கடைசியில் விட்டார்கள். பிளேடால் பிளாஸ்டிக்கைக் கீறிப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். முத்திரையில் பாதி பிளாஸ்டிக்கோடு போய்விட்டது.

வடக்கிலிருந்து கொழும்புக்கு வருகிறவர்களே, பதிவுத் துண்டை லமினேட் பண்ணாதீர்கள். சும்மா ஒரு உறைக்குள் வையுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

புதுத் துண்டு எடுக்க நாளை பொலிஸுக்குப் போகவேண்டும். போகிற வழியிலும் ஒரு செக்பொயின்ட் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

"அக்கா, அதில மறிச்சா எதைக் காட்டுறது?" என்று கேட்கிறான் ஜூட்.