ஒரு தோளில் மட்டும் குஞ்சம்

அந்தப் படம் ஒரு கிரீம் பிஸ்கட் அளவுதான் இருக்கும். யானைத்தந்தத் தகட்டில் வரைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலீஷ் ராணுவ அதிகாரி ஒருவர், பவுடர் போட்ட தலையும் சிவப்புக் கோட்டுமாக அதற்குள் இருந்துகொண்டு நம்மை முறைப்பார். துபாயில் நான் யூனிஃபார்ம் பொறுப்பில் இருந்த ஹோட்டலின் முதலாளி அதை லண்டனில் வாங்கி வந்தார். பழம்பொருள் பைத்தியம் பிடித்த அரபி அவர். ஹோட்டல் திறப்பு விழாவுக்கு வாசற்காரர்கள் பன்னிரண்டு பேருக்கும் அதே கோட்டு வேண்டுமென்று சொல்லிவிட்டார்.

என் வாய் சும்மா இருக்காதே! பர் துபாயில் எனக்கொரு தையற்காரரைத் தெரியும் என்றேன். கீழக்கரைக்காரர், எல்லோருக்கும் மாஸ்டர் பாய். ஷார்ஜா தொழிற்சாலைத் தொழிலாளர்கள் உடம்பு முழுக்க மாட்டிக்கொள்ளும் கவரால் உடுப்பைத் தைத்துத் தைத்தே சலித்துப்போனவர். “கண்ணு நல்லா இருக்கும்போதே பேர் சொல்ற மாதிரி ஒரு கோட்டு தைச்சிரணும் தங்கச்சி” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். மாதிரிக் கோட்டு முதலாளிக்குப் பிடித்தால் பன்னிரண்டும் அவருக்கு, பிடிக்காவிட்டால் பழையபடி கவரால்தான்.

மாஸ்டர் பாய் இரண்டு நாள் முதலாளி அறையிலேயே உட்கார்ந்து, பூதக்கண்ணாடியும் கையுமாக அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு தைத்துக் கொண்டுவந்தார். அடடா, என்ன கோட்டு அது! ஆனால் வலது தோளில் மட்டும்தான் தங்கச் சரிகைக் குஞ்சம் இருந்தது. இடது தோள் மொட்டை. ஹோட்டல் அலங்காரத்துக்கு வந்திருந்த சென்னை டிசைனர் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டார். “ஒரு பக்கம் மறந்துட்டீங்களே பாய்! கவரால் தைக்கிறவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்.”

“இன்னொன்னு வச்சுத் தைச்சிருங்களேன் பாய்” என்று காதோடு கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. பூதக்கண்ணாடியை முதலாளியிடம் நீட்டி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். “புருவத்துல ஒவ்வொரு முடியா வரைஞ்சிருக்கான். அந்த மொட்டைத் தோள்ல தையல் கோடுகூடப் போட்டிருக்கான். அவ்வளவு பார்த்தவன் குஞ்சத்தை மறப்பானா? அந்த ஆளு போட்டிருந்ததே ஒன்னுதான். இன்னொன்னு வேணும்னா வச்சுத் தாரேன், ஆனா அது இவரு கோட்டு இல்ல.”

முதலாளி வெகுநேரம் பார்த்தார். படத்தை விற்றவருக்கு அங்கிருந்தே போன் போட்டார். அந்தக் காலத்தில் படத்திலிருந்த அதிகாரியின் பதவிக்காரர்களுக்கு வலது தோளில் மட்டும்தான் குஞ்சம் என்று பதில் வந்தது. முதலாளி மாஸ்டர் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கி, “கலாஸ், முடிந்தது! பன்னிரண்டும் இவரே” என்றார். மாஸ்டர் பாயை விட நான்தான் அதிகம் துள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன்.

இன்று அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அன்று டிசைனர் மெல்ல நழுவப் பார்த்தார். மாஸ்டர் பாய் கழுத்தில் கிடந்த அளவு டேப்பை உருவி அவரை மறித்தார்.

“நில்லுங்க தம்பி, அளவு எடுத்துக்கிறேன். பதிமூணாவது உங்களுக்கு.”