கண்டக்டருக்குப் படித்துக் காட்டிய புத்தகங்கள்

செஞ்சியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் போகும்போது ஒரு புத்தகமும் கொண்டுபோவார்கள். எந்தப் புத்தகம் என்று நான்தான் சொல்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன். புத்திமதி சொல்லும் எழுத்தாளர்களை என் அலமாரியில் வைப்பதில்லை. முதலில் தன்னையே கிண்டல் செய்துகொண்டு, நாம் சிரித்து முடித்த பிறகு யோசிக்க வைப்பவர்களுக்குத்தான் அங்கே இடம்.

என்னிடம் அதிகம் வாங்கிப் படித்தவன் என் நண்பன். அவலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர். சில்லறைக்காகச் சண்டை பிடிப்பவர்கள்கூட அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டேதான் இறங்குவார்கள். ஓய்வு பெற்ற மறுவருடம் அவனுக்கு வாதம் அடித்தது. வலக்கையும் பேச்சும் போய்விட்டன.

பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஆப்பிள் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, அவன் முகத்துக்கு நேரே குனிந்து, “நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டார்கள். படுத்திருப்பவனுக்கு நம் ஊரில் வைக்கும் பரீட்சை இது. அவன் வாயைத் திறப்பதற்குள், பாவம், நினைவு தப்பிவிட்டது என்று மார்க் போட்டுவிடுவார்கள். அவன் கண்ணைப் பார்த்த எனக்குத் தெரியும், எல்லாம் உள்ளேதான் இருந்தது. சொல்தான் வெளியே வர மறுத்தது. இதற்குள் அவன் மச்சான், மனைவியின் அண்ணன், வீட்டைப் பூட்டிவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் சென்னையில் இருக்கும் தங்கள் மகனிடம் போய்விட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டார். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பெரிய எழுத்தில் அச்சடித்த குழந்தைக் கதைகளைக் கொண்டுபோய் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். களைத்த மூளைக்குக் கஞ்சி போதும் என்ற நினைப்பு. மூன்றாம் நாள் இடக்கையால் புத்தகத்தைத் தட்டிவிட்டான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் என்னிடம் இருந்ததிலேயே குறும்பான கட்டுரையாளரை எடுத்துப்போனேன். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் காபிக்குச் சர்க்கரை குறைவு என்று வருந்தும் மனிதர்களைப் பற்றி எழுதியவர். வேகம் குறைக்காமல், விளக்கம் சொல்லாமல் படித்தேன். அவன் தொப்பை குலுங்கியது. அன்றிலிருந்து தினமும் கடையை மூடியதும் ஒரு கட்டுரை. சிரிப்பு வரும் வரிக்கு முன்னால் வேண்டுமென்றே நிறுத்துவேன். அடுத்து என்ன என்று அவன் சொல்ல முயல்வான். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒரு சொல், அப்புறம் இரண்டு. ஒருமுறை அவன் சொன்ன முடிவு எழுத்தாளருடையதைவிட நன்றாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, கர்வம் ஏறிவிடும்.

மாசி மாதம் மச்சான் காரோடு வந்தார். துணிமணியெல்லாம் மூட்டை கட்டியாயிற்று. அவரும் குனிந்து, “இன்னா மாப்ள, நான் யாருன்னு தெரியுதா?” என்றார்.

அவன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏன் மச்சான்…” நடுவில் மூச்சு வாங்கினான். “ஒனக்கே தெரியலயா?”

முதலில் சிரித்தது நான்தான். மச்சான் முகம் சுருங்கி, பிறகு அவரும் சிரித்துவிட்டார். டாக்டர் கொடுத்த மருந்துக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரி எந்த மருந்திலும் இல்லை, என் அலமாரியில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவனுடையது. எனக்கு இருந்த பெருமைக்கு அந்த அறை போதவில்லை.

அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாதம் வந்த நாளிலிருந்து அவனுக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டிருந்தார்.

“நீங்களே சொல்லுங்க,” என்றார். “போலாமா?”

“வேணாம்.”

மச்சான் காலி காரோடு திரும்பிப் போனார்.