பெண் பெயரில் ஒரு மஞ்சள்

சாரம் என்னும் ஊரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். சின்ன வயதிலிருந்தே ஒவ்வோர் எழுத்தும் எனக்கு ஒரு நிறம். அச்சானது கறுப்பு மையில்தான் என்று தெரியும். ஆனாலும் ‘ள’ ஈரச் செங்கல் நிறம், ‘ல’ வெளிறிய மஞ்சள். வரியைப் படிப்பதற்கு முன்பே தப்பான நிறம் கண்ணில் குத்தும்.

முப்பது வயதுக்கு மேல்தான் டாக்டர் எனக்கு ஆட்டிசம் என்றார். எழுத்தில் நிறம் தெரிவது எங்களைப் போன்றவர்களிடம் கொஞ்சம் அதிகம், முழுசுக்கு முன்னால் துணுக்கு கண்ணில் படுவதும் அப்படித்தான் என்றார். என் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டின் துடிப்பு தாங்காமல், அதை மாற்றித் தரச் சொல்லி, முதலாளியின் தம்பியிடம் இதையெல்லாம் நம்பிச் சொன்னேன்.

விளக்கு மாறவில்லை. வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினான். அவர்கள் பெயர் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பு. பேசாமல் நின்றால், இன்னிக்கு மேடத்துக்குக் கரண்ட் இல்லை என்பான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்புகள் ஒன்றையும் நான் மறக்க முயலவில்லை.

பிள்ளைச்சாவடியில் அவனுக்குப் பெண் நிச்சயமானது. பத்திரிகையை அவனே டைப் செய்தான். “என் கார்டுக்கு உன் கலர் ஜோசியம்லாம் வேணாம்,” என்று என் கண்ணில் காட்டாமல் மெஷினுக்கு அனுப்பினான்.

தண்ணீர் குடிக்கப் போனபோது மெஷினிலிருந்து தாள்கள் விழுந்துகொண்டிருந்தன. பெண்ணின் பெயரில் செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். ஒவ்வொரு தாளிலும் மஞ்சள். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

ஊரெல்லாம் பத்திரிகை வைத்த பிறகு பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே கேட்டார்: “எம் பொண்ணு பேரு கூடவா ஒழுங்கா தெரியாது ஒங்களுக்கு?”

அவன் தரையைப் பார்த்தான். அவர் போனதும் முதலாளி என்னிடம், நீ பார்த்தாயா என்று கேட்டார்.

“பாத்தேன். அதுவும் கலர்லதான் தெரிஞ்சுது. சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல,” என்றேன்.

முதலாளி தம்பியைத்தான் திட்டினார். அதற்குப் பிறகு அவன் என்னை யார் முன்னாலும் கூப்பிட்டதில்லை. கல்யாணத்துக்குப் போனேன். பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.