சாக்கு எடை கழிக்காத சக்கரம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடி மலை மேல் ஒரு சாயாக்கடையில் எனக்குக் கை தட்டுவார்கள். அப்படி என்ன சாதித்தாய் என்று கேட்டால், கடைசியாக வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் பதினோரு பேர். விடியுமுன் தம்பானூரில் கூடி, நெடுமங்காடு, வித்துரா வழியாகப் போய் மலையின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவோம். கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டவர் ரிட்டயரான ஒரு கணக்கு டீச்சர். கடைசி ஆள் வந்து சேரும் வரை மேலே யாரும் பழம்பொரியை, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியை, தொடக் கூடாது. யாரும் தனித்துப் போய்விடக் கூடாது என்று அன்பினால் போட்ட சட்டம்தான். ஆனால் கடைசி ஆள் எப்போதும் நானே என்பதால், பத்துப் பேர் பசி வயிற்றோடு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி எனக்காக இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வளைவில் என் தலை தெரிந்ததும் "வந்நு, வந்நு!" என்று மலையாளத்தில் ஒரு கூச்சல் கிளம்பும். பின்னாலேயே கைதட்டல். அது எனக்கா பழம்பொரிக்கா என்று ஆராய வேண்டிய அவசியமே இல்லை. கடைக்காரரும் சேர்ந்து தட்டுவார்.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஒரு தடவையாவது அந்தப் பெஞ்சில் முன்னாலேயே போய் உட்கார்ந்து, இன்னொருவருக்கு நான் கை தட்ட வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு இது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமான ஆசை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, ஆசை போகவில்லை.

என் காலைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சக்கரம் கனம் என்றேன். என்னுடையது ரேஸ் சைக்கிள், வளைந்த ஹேண்டில்பாரும் ஊசி மாதிரி சீட்டுமாகப் பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும். ஆனால் அந்த விலைக்குக் கம்பெனிக்காரன் சக்கரத்தில்தான் மிச்சம் பிடிப்பான் என்று படித்தேன். படித்த அன்றே என் காலுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். ஃப்ரிட்ஜ் மாற்ற வைத்திருந்த காசில் பாதி கேட்டேன்.

"பழைய சக்கரத்துக்கு என்ன? சுத்த மாட்டேங்குதா?" என்றாள் மனைவி.

சுத்துகிறது, கனமாகச் சுத்துகிறது என்று விளக்கினேன். ஒரு ரூபாய் கூடக் கூடாது என்ற கண்டிப்போடு பாதிக் காசு கிடைத்தது. ஐஸ் பிடித்துப் போன ஃப்ரிட்ஜை அவள் அடிக்கடி என் கண் முன்னால் திறந்து மூடினாள்.

அந்தக் காசுக்குள் சக்கரம் தேடுவது பெண் பார்ப்பதை விடக் கஷ்டம். முதலில் கார்பன் சக்கரத்தைப் பார்த்தேன். கடைக்காரர் அதைக் கையில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். காட்டுச் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்கே என் நெஞ்சு படபடத்துவிட்டது. விலையைக் கேட்டதும் இன்னும் படபடத்தது. என் மொத்த சைக்கிளையும் விற்றால் அதில் ஒரு சக்கரம் வாங்கலாம். அடுத்து, கழக்கூட்டத்தில் ஒருவர் பழைய கார்பன் சக்கரம் வைத்திருந்தார். "ஒரு சின்னக் கோடு மாத்ரம்" என்றார் போனில். போய்ப் பார்த்தேன். கோடு அல்ல, விரிசல். மலை இறக்கத்தில் அது இரண்டாகப் போனால் எனக்குக் கை தட்ட ஆள் தேவைப்படாது. கடைசியாக ஓர் அலுமினியச் சக்கர ஜோடி கண்ணில் பட்டது. காசுக்குள் அடங்கியது. எடை இரண்டும் சேர்ந்து ஒரு கிலோ அறுநூற்றைம்பது கிராம் என்று போட்டிருந்தார்கள்.

இனி என் பழைய சக்கரத்தின் எடை தெரிய வேண்டும். எங்கள் குடும்பத்துக்குத் தராசு ஒரு பிரச்சினையே இல்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து, ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் நாங்கள். இப்போது கடையை அண்ணன் பார்க்கிறார். சரக்கு வந்தால் மூட்டையோடு எடை போட்டு, சாக்கு எடையைக் கழித்துத்தான் பேச்சே தொடங்கும். இந்தக் கழிப்பு எங்கள் தெருவில் வாய்ப்பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது பீற்றிக்கொண்டால் "சாக்கு எடையைக் கழிச்சுக் கேளு" என்பார்கள். எனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றுகூட அண்ணன், "பட்டுச் சேலையையும் நகையையும் கழிச்சுப் பாத்தியாலே?" என்றுதான் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு சக்கரத்தையும் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். மிளகாய் நெடியில் மூன்று தும்மல் போட்டு முடித்ததும் அண்ணன் நிமிர்ந்தார்.

"லேய், இது என்ன சரக்கு?"

"எடை பாக்கணும்ணே."

அண்ணன் போனில் யாரோடோ மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டே சக்கரங்களைத் தராசில் போட்டார். "மூணு கிலோ முன்னூத்தி இருபது. மதியா?" என்று சொல்லிவிட்டுச் சண்டைக்குத் திரும்பிவிட்டார்.

மதி, மதி, இது போதும் என்று ஓடி வந்தேன். மூன்று முன்னூற்றிருபதில் ஒன்று அறுநூற்றைம்பது போனால் ஒரு கிலோ அறுநூற்றெழுபது கிராம் மிச்சம்! சுற்றுகிற பொருளில் ஒரு கிலோ குறைந்தால் மற்ற இடத்தில் இரண்டு கிலோ குறைந்ததற்குச் சமம் என்று வேறு எங்கோ ஒருவர் எழுதியிருந்தார். பெருக்கிப் பார்த்தேன். மூன்று கிலோ முன்னூற்று நாற்பது. பழைய சக்கரத்தின் மொத்த எடையே மூன்று முன்னூற்றிருபதுதான். அப்படியானால் புதுச் சக்கரத்துக்கு எடையே கிடையாது, போதாததற்கு இருபது கிராம் என்னை மேலே தூக்கியும் விடும். கணக்கே தொழிலாக உள்ளவனுக்கு இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

கையோடு புதுச் சக்கரத்துக்கு ஆர்டர் சொல்லிவிட்டு, கூட்டத்தின் வாட்ஸ்அப்பிலும் போட்டேன்: 'ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைச்சாச்சு.' டீச்சர் உடனே மெச்சிப் பதில் போட்டார்: 'கொள்ளாம்! இனி சூடோடெ பழம்பொரி!' மற்ற ஒன்பது பேரும் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

புதுச் சக்கரம் வந்தது. பழைய டயர், ட்யூப், பின்னால் இருக்கும் பல்சக்கரக் கொத்து எல்லாவற்றையும் அதில் மாற்றிப் பூட்டி, அண்ணனிடம் பெருமை காட்டக் கொண்டுபோனேன். அன்றைக்கு அவர் போனில் இல்லை. அதுதான் என் கெட்ட நேரம்.

"ரெண்டு எண்ணூத்தி எழுபது."

"தராசு சரியில்லண்ணே" என்றேன்.

மொத்த வியாபாரக் கடையில் சொல்லக்கூடாத வார்த்தை அது. அண்ணன் ஐந்து கிலோப் படிக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்தார். ஐந்து கிலோ, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை.

"பழசை அன்னைக்கு எப்படிக் கொண்டாந்தே?"

"டயரோட."

"இந்தப் புதுசுக்குப் போட்டிருந்த எடை?"

அது வெறும் சக்கரத்தின் எடை. நான் ஒன்றை மூட்டையோடும் மற்றதை மூட்டையில்லாமலும் ஒப்பிட்டிருக்கிறேன். நிஜ வித்தியாசம் நானூற்றைம்பது கிராம்.

"லேய்! சாக்கு எடையைக் கழிக்காம சரக்கு எடுத்திருக்கியே! வேற வீட்டுப் பிள்ளை செஞ்சாலும் பரவாயில்ல!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை மல்லிக்காரரும் பக்கத்துப் பெருங்காயக் கடைக்காரரும் எழுந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு தடவை சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். பெருங்காயக்காரர், "இந்த நானூத்தம்பது கிராமை வயித்துல கொறச்சிருந்தா செலவே இல்லியே" என்று அக்கறையாகச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் மூன்று பேரையும் மிளகாய் மூட்டைக்குள் போட்டுக் கட்டியிருப்பேன். முகம் சிவந்தது நெடியினால் என்று சொல்லி வெளியே வந்தேன்.

சக்கரத்தைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் போட்டதையும் திருப்ப முடியாது. மறுநாள் முதல் ஆபீஸுக்கு முன்னால் குடப்பனக்குன்னு ஏற்றத்தில் தினமும் ஏறி இறங்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம். நடுவில் வந்த பொன்முடி ஞாயிற்றுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டேன். தோசையை ஐந்திலிருந்து மூன்றாக்கினேன். "என்ன, புதுச் சக்கரத்தைப் பழக்குறீங்களா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதற்கிடையில் கூட்டத்தில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா, முப்பத்தைந்து வயதிருக்கும். ரோட்டுக் குழியில் விழுந்து அவருடைய சக்கரங்கள் கோணியிருந்தன. என்னிடம் சும்மா கிடந்த பழைய ஜோடியைக் கொடுத்தேன். "நல்ல சக்கரம், கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றும் சொன்னேன். அவர் நன்றியாக ஒரு குலை ஏத்தங்காய் கொண்டுவந்து இறக்கினார். அந்த நேந்திரங்காயை ஒரு வாரம் வீட்டில் உப்பேரிச் சிப்ஸாக வறுத்தோம்.

இரண்டு மாதம் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை பொன்முடியில் நான் பத்தாவதாகப் போய்ச் சேர்ந்தேன்; பின்னாலேயே இன்னொருவரும் வந்துவிட்டார். "அய்யோ, சாரே! ஆளு மாறிப்போயல்லோ!" என்று டீச்சர் எழுந்தே நின்றுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. டீச்சருடைய சைக்கிளைப் பார்த்தேன். என் பழையதை விடக் கனமான சக்கரம், பின்னால் இரும்புக் கேரியர், அதில் ஒரு ஃப்ளாஸ்க் வேறு. இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லை.

புது ஆள் மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பழம்பொரி மாவில் முங்கி எழுந்து காத்திருந்தது. இரண்டு மாதமாக மூன்று தோசையில் ஓடிய வயிறு கத்தியது. இருபது நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று பெஞ்சில் இருந்து பார்த்தால்தான் தெரிகிறது. இவர்கள் என்னை எப்படித்தான் பொறுத்தார்களோ. எனக்கு அந்த மனிதர் மேல் கடுங்கோபம் வந்தது.

"வந்நு, வந்நு!"

எல்லாரும் தட்டினார்கள். நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த நேரம் இதுதான். கையைத் தூக்கினேன். கடைசி வளைவில் அவர் சிரிக்க முயன்றபடி ஏறி வந்தார். சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தார், ஒரு குற்றவாளியைப் பார்ப்பது போல. அந்த வளைவில் நானும் ஒவ்வொரு தடவையும் அதையேதான் பார்த்திருக்கிறேன். அதே சக்கரத்தைத்தான். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து விழுந்தார். மூச்சு திரும்பியதும் முதல் கேள்வி: "சேட்டா, ஈ வீல் பயங்கர வெயிட்டு, அல்லே?"

நானூற்றைம்பது கிராம்தான் தம்பி, மற்றதெல்லாம் கால் என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வளைவு ஏறி வந்தவரிடம் எப்படிச் சொல்வது? எனக்கே அதைச் சொல்ல ஒரு தெருவே கூடி வர வேண்டியிருந்தது.

"அதே. வீல்தன்னெ" என்றேன். சக்கரம்தான்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. உடனே போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். புது ஜோடி, ஒரு கிலோ அறுநூறு. வாங்கும் முன் பழையதை எடை போட்டுப் பார்க்க வேண்டும், எங்கே போடலாம் என்று கேட்டார்.

ஆரியசாலையில் என் அண்ணன் கடைக்கு வழி சொன்னேன். நல்ல தராசு, ஒரு கிராம் பிசகாது என்றேன். பழம்பொரி வந்தது. எனக்கு வந்ததை அவர் பக்கம் தள்ளிவிட்டு, "போறதுக்கு முன்னால டயர், ட்யூப், பல்சக்கரம் எல்லாத்தையும் கழட்டிட்டுப் போங்க" என்றேன்.

"அதெந்தா சேட்டா?"

"சும்மா கழட்டிட்டுப் போங்க. முதல்ல சாப்பிடுங்க, ஆறிடும்."